யூசபிலிட்டி டெஸ்ட்டுக்கு யாரை உட்கார வைப்பது, எத்தனை பேரை?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவமனையின் ஆன்லைன் அப்பாயின்ட்மென்ட் தளத்தை ஒரு சின்ன டீம் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. வெளியிடுவதற்கு முன் ஆட்களை உட்கார வைத்து, தளத்தில் அவர்கள் வேலையை முடிக்க முடிகிறதா, எங்கே தடுமாறுகிறார்கள் என்று சோதித்துப் பார்க்க நினைக்கிறார்கள், இதைத்தான் யூசபிலிட்டி டெஸ்ட் என்கிறோம். "நம்ம ஆபீஸ் ஆட்களே போதும், வேலை சீக்கிரம் முடியும்" என்கிறார் டிசைனர். "குறைந்தது 30 பேர் வேண்டும், எல்லா வயதிலிருந்தும், ஆணும் பெண்ணும் சமமாக" என்கிறார் மேனேஜர். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டிலுமே எனக்கு உடன்பாடில்லை. எத்தனை பேர், எங்கிருந்து என்பதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்தச் சோதனை முடிந்ததும் நீங்கள் எதை முடிவு செய்யப்போகிறீர்கள்? முன்பதிவுப் படிவத்தை இப்படியே விடலாமா, மாற்ற வேண்டுமா என்பதா? டாக்டரைத் தேடும் பக்கம் புரிகிறதா என்பதா? பழைய தளத்துக்குப் பழகியவர்கள் புதியதில் தடுமாறுவார்களா என்பதா? இது தெளிவானால் யாரை அழைப்பது என்பதில் பாதி தானாகத் தீர்ந்துவிடும். தெளிவாகாவிட்டால் 30 பேரை அழைத்தாலும் கடைசியில் கையில் இருப்பது ஆளுக்கு ஒன்றாகச் சொன்ன அபிப்பிராயங்கள்தான்.

யூசபிலிட்டிக்கு, அதாவது பயன்படுத்த எளிதாக இருப்பதற்கு, ஐ.எஸ்.ஓ. 9241-11 என்ற சர்வதேசத் தரநிலையில் ஒரு வரையறை இருக்கிறது, 1998-இல் வந்து 2018-இல் திருத்தப்பட்டது. இன்ன பயனர்கள், இன்ன நோக்கத்தை, இன்ன சூழலில், எவ்வளவு சரியாக, எவ்வளவு குறைந்த முயற்சியில், எவ்வளவு திருப்தியோடு முடிக்கிறார்கள் என்பதே அதன் சாரம். யார், எதற்காக, எந்த நிலைமையில் என்ற மூன்றையும் எடுத்துவிட்டால் "இந்தத் தளம் எளிதாக இருக்கிறதா" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது.

உங்கள் தளத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கு வருகிறவர்கள் யார் யார்? உடம்புக்கு ஏதோ சரியில்லை, எந்தப் பிரிவில் பார்ப்பது என்றே தெரியாமல் முதன்முறையாக வருகிறவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே டாக்டரிடம் செக்கப்புக்கு வருகிறவர், அவருக்குத் தேவை போனமுறை பார்த்த டாக்டரின் அடுத்த காலி நேரம் மட்டுமே. அப்பாவுக்காகவோ குழந்தைக்காகவோ பதிவு செய்கிறவர். எடுத்த நேரத்தை மாற்றவோ ரத்து செய்யவோ வருகிறவர். அப்புறம், போனில் கூப்பிடும் நோயாளிக்காக அதே தளத்தில் பதிவு செய்து கொடுக்கும் ரிசப்ஷன் ஊழியர். இந்த ஐந்து பேரும் ஒரே பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் தடுக்கி விழும் இடம் ஆளுக்கு ஆள் வேறு. தனக்காகப் பதிவு செய்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு கடக்கும் "பெயர்" என்ற கட்டத்தில், அப்பாவுக்காகப் பதிவு செய்கிற மகள் நின்றுவிடுவாள்: யார் பெயர்? யார் போன் நம்பர்? ஓ.டி.பி. யாருக்குப் போகும்? தனக்காகப் பதிவு செய்கிறவர்களை மட்டும் வைத்து எத்தனை சுற்று சோதித்தாலும் இந்தச் சிக்கல் வெளியே வரப்போவதில்லை.

மேனேஜர் சொல்லும் வயது, பாலினக் கணக்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்து உண்டு. அது மார்க்கெட்டிங்கிலிருந்து வருகிற பழக்கம். விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்க அந்தக் கணக்கு உதவும். ஒரு படிவத்தில் யார் எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்பதை அது அவ்வளவாகச் சொல்லாது. ஒரே வயதில், ஒரே வருமானத்தில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் நீண்ட நாள் நோயோடு மாதாமாதம் மருத்துவமனைக்குப் போய்வருகிறவர், இன்னொருவர் பல வருடமாக டாக்டரையே பார்க்காதவர் என்றால், உங்கள் தளத்தில் அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தில் ஒற்றுமை மிகக் குறைவு. அதனால் ஆட்களைப் பிரிக்கும்போது அவர்கள் என்ன செய்ய வருகிறார்கள், இதற்குமுன் அதை எப்படிச் செய்தார்கள், என்ன தெரிந்துகொண்டு வருகிறார்கள் என்பதை வைத்துப் பிரியுங்கள். வயது முக்கியமாகும் இடங்கள் உண்டு. பார்வைக் குறைவு, கை நடுக்கம், தொடுதிரைப் பழக்கம் போன்றவை வயதோடு சேர்ந்து வரலாம். அப்போதும் வயதை விட்டுவிட்டு, அந்த நேரடிக் காரணத்தைக் கேட்டே தேர்ந்தெடுப்பது நல்லது. 70 வயதில் எல்லாவற்றையும் போனிலேயே முடிக்கிறவரும் இருக்கிறார், 35 வயதில் எல்லாவற்றையும் தம்பியிடம் கொடுத்துச் செய்யச் சொல்கிறவரும் இருக்கிறார்.

என்ன தெரிந்துகொண்டு வருகிறார்கள் என்பதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது, அவற்றைப் பிரித்தே பார்க்க வேண்டும். ஒன்று, இணையத்திலும் போனிலும் உள்ள பழக்கம். மற்றது, அந்தத் துறையைப் பற்றிய அறிவு. மென்பொருளிலேயே ஊறிய ஒருவருக்குக்கூட மயக்கம் வந்தால் நரம்பியல் பிரிவா, காது மூக்கு தொண்டைப் பிரிவா, பொது மருத்துவமா என்று தெரியாது. பழைய நோயாளி ஒருவருக்கு டாக்டர், பிரிவு, பரிசோதனைப் பெயர் எல்லாம் அத்துப்படி, ஆனால் காலண்டரில் அடுத்த மாதத்துக்கு நகர்த்துவது எப்படி என்று தெரியாது. முதலாமவர் உங்கள் தளத்தின் சொற்களில் உள்ள கோளாறைக் காட்டிக் கொடுப்பார், இரண்டாமவர் திரையின் அமைப்பில் உள்ள கோளாறைக் காட்டிக் கொடுப்பார். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு வகையினரும் வேண்டும்.

இந்த வகைகளை ஒரு அறையில் உட்கார்ந்து கற்பனையாக எழுதக் கூடாது. ரிசப்ஷனில் போன் எடுப்பவரிடம் கொஞ்ச நேரம் பேசினாலே, தளத்தில் முடியாமல் போய்க் கூப்பிடுகிறவர்கள் யார், என்ன கேட்கிறார்கள் என்று கொட்டிவிடுவார். தளத்தின் தேடல் பெட்டியில் மக்கள் என்ன தட்டுகிறார்கள் என்று பாருங்கள். எந்தப் பக்கத்தில் பாதியில் விட்டுப் போகிறார்கள், எத்தனை பேர் போனில் வருகிறார்கள், எத்தனை பேர் கம்ப்யூட்டரில் வருகிறார்கள் என்பது தளத்தின் வருகைப் பதிவுகளான அனலிட்டிக்ஸில் இருக்கும். போனில் வருகிறவர்களே அதிகம் என்று அது சொன்னால், சோதனைக்கு வருகிறவர்களையும் அவரவர் போனோடு வரச் சொல்லுங்கள். உங்கள் மேசையில் இருக்கும் பெரிய மானிட்டரில் உட்கார வைத்தால் அது வேறொரு தளத்தைச் சோதித்த மாதிரிதான்.

சரி, ஆபீஸ் ஆட்கள். டிசைனரின் அவசரம் எனக்குப் புரிகிறது, வெளியாட்களைப் பிடிப்பதுதான் இந்த வேலையிலேயே அலுப்பான பகுதி. ஆனாலும் வேண்டாம். அவர்களுக்குத் தளத்தின் எலும்புக்கூடு தெரியும், எந்த மெனுவுக்குள் என்ன இருக்கும் என்று தெரியும், நீங்கள் மீட்டிங்கில் பயன்படுத்தும் சொற்கள்தான் திரையிலும் இருக்கும் என்பதால் அவை புரியாமல் போக வழியே இல்லை. அதைவிட முக்கியம், பக்கத்து சீட்டில் இருப்பவர் உழைத்துச் செய்ததை அவர் முகத்துக்கு நேராக "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. குடும்பத்தினருக்கும் நண்பர்களுக்கும் இதே கதைதான். ஆபீஸ் ஆட்களை ஒரே ஒரு இடத்தில் கட்டாயம் பயன்படுத்துங்கள்: உண்மையான சோதனைக்கு முந்தைய நாள் ஒத்திகைக்கு. தளத்தில் செய்து பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் பணிகளின் வாசகம் புரிகிறதா, நேரம் போதுமா, ரெக்கார்டிங் ஓடுகிறதா, மாதிரித் தளத்தில் எங்காவது முட்டுச்சந்து இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் போதும். ஒத்திகையில் கிடைத்ததை முடிவுகளோடு சேர்க்காதீர்கள்.

இதற்கு நேர் எதிரான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். யூசபிலிட்டி பற்றி எழுதும் ஸ்டீவ் க்ருக் பல வருடமாக வலியுறுத்துவது, ஆட்களைத் தேடுவதில் ரொம்பக் கறாராக இருக்காதீர்கள், யாரையாவது வைத்து அடிக்கடி சோதிப்பது, சரியான ஆள் கிடைக்கட்டும் என்று காத்திருந்து சோதிக்காமலே விடுவதைவிட மேல் என்பது. மாதத்துக்கு ஒரு காலை நேரம், மூன்று பேர் போதும் என்பார். இதில் நிறைய உண்மை இருக்கிறது. பட்டன் கண்ணில் படவில்லை, எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை, பிழைச் செய்தி புரியவில்லை போன்ற அடிப்படைக் கோளாறுகளை உங்கள் தளத்தைப் பார்த்திராத யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துத் தந்துவிடுவார்கள். ஆகவே முதல் சுற்றில், தளம் இன்னும் கரடுமுரடாக இருக்கும்போது, கொஞ்சம் தளர்வாகவே ஆட்களைப் பிடியுங்கள். அடிப்படைகள் சரியான பிறகுதான் யார் என்பது கூர்மையாக வேண்டும், ஏனென்றால் அப்போது மிஞ்சி நிற்கும் சிக்கல்கள் அந்தத் துறைக்கும் அந்தத் தேவைக்கும் உரியவை. தொழில்முறைத் தளங்களுக்கு இந்தத் தளர்வு பொருந்தாது. கணக்காளர்களுக்கான மென்பொருளையோ மருந்தாளுநர்கள் பயன்படுத்தும் திரையையோ வழியில் போகிறவரிடம் காட்டினால் அவர் திணறுவது எதையும் நிரூபிக்காது, திணறாமல் இருப்பதும் நிரூபிக்காது.

இப்போது எண்ணிக்கை. "5 பேர் போதும்" என்ற புகழ்பெற்ற வாக்கியம் யூசபிலிட்டி நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதிலிருந்து பரவியது. அதன் அடியில் அவரும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. அவர்கள் பார்த்த திட்டங்களில் சராசரியாக ஒரு பயனர் மொத்தச் சிக்கல்களில் 31 சதவீதத்தைக் கண்ணில் காட்டினார். இரண்டாமவர் காட்டுவதில் ஒரு பகுதி முதலாமவர் ஏற்கெனவே காட்டியதுதான், மூன்றாமவரிடம் புதியது இன்னும் குறையும். இப்படியே போனால் 5 பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் வந்துவிடும். அதற்கு ஒரு வருடம் முன்பு, 1992-இல், ராபர்ட் விர்ஸி தனியாகச் செய்த ஆய்விலும் நாலைந்து பேரில் சுமார் 80 சதவீதம் என்றுதான் வந்தது.

இந்தக் கணக்கை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதன் நிபந்தனைகளை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் வருத்தம். 31 சதவீதம் என்பது சராசரி. பத்தில் ஒருவரை மட்டுமே பாதிக்கும் ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள், 5 பேரில் ஒருவராவது அதில் மாட்டுவதற்கான வாய்ப்பு 41 சதவீதம்தான். பாதிக்கு மேல் அது உங்கள் கண்ணில் படாமலே போகும். பெரிய தளமாக, ஒவ்வொருவரும் வெவ்வேறு வழியில் போகக்கூடியதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2001-இல் ஜாரெட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் ஷாப்பிங் தளங்களைச் சோதித்தபோது முதல் 5 பேரிடம் சிக்கல்களில் 35 சதவீதம்தான் வெளிவந்தது. 2003-இல் லாரா ஃபாக்னர் 60 பேரை வைத்துச் சோதித்து, அந்த முடிவுகளிலிருந்து ஐந்து ஐந்து பேராகக் குலுக்கி எடுத்துப் பார்த்தார். சராசரி 85 சதவீதத்தை ஒட்டியே வந்தது, ஆனால் சில ஐவர் குழுக்கள் 99 சதவீதத்தைப் பிடித்தன, சில வெறும் 55 சதவீதத்தோடு நின்றன. 10 பேராக எடுத்தபோது மிக மோசமான குழுவும் 80 சதவீதத்துக்கு மேல் போனது. உங்களுக்குக் கிடைக்கும் ஐவர் எந்த ஐவர் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால்தான் யார் என்ற கேள்வி எத்தனை என்பதைவிட முந்தி நிற்கிறது.

அப்படியானால் மேனேஜரின் 30-தான் சரியா? சிக்கல்களைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது நோக்கம் என்றால் இல்லை. 30 பேரை ஒரே மூச்சில் அழைத்தால், முதல் ஐந்து பேர் மாட்டிய அதே இடத்தில் அடுத்த இருபத்தைந்து பேரும் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அதைத் தாண்டி உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாமலே போகும். 5 பேர், திருத்தம், மறுபடி 5 பேர், திருத்தம், மறுபடி 5 பேர் என்று போவதுதான் லாபம். நீல்சன் சொன்னதும் உண்மையில் இதைத்தான், 15 பேருக்கு வசதி இருந்தால் அதை மூன்று சுற்றாகப் பிரியுங்கள் என்று. ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபடும் இரண்டு வகைப் பயனர்கள் இருந்தால் வகைக்கு 3 முதல் 4 பேர், மூன்று வகை அல்லது அதற்கு மேல் என்றால் வகைக்குக் குறைந்தது 3 பேர் என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

எண்ணாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இருந்தால் கதை வேறு. "பழைய தளத்தில் இத்தனை சதவீதம் முடித்தார்கள், புதியதில் இத்தனை" என்று நிர்வாகத்துக்குக் காட்ட வேண்டும் என்றால் 20-க்குக் குறையாமல், முடிந்தால் 40 பேர் வரை வேண்டும். 5 பேரில் 4 பேர் பணியை முடித்தார்கள் என்பதை "80 சதவீத வெற்றி" என்று எழுதவே எழுதாதீர்கள். இவ்வளவு சின்ன மாதிரியில் வரும் தடுமாற்றத்தைக் கணக்கிடும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி போட்டால் உண்மையான விகிதம் ஏறக்குறைய 36-லிருந்து 98 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இப்படிப்பட்ட ஒரு எண்ணை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. மேனேஜரிடம் இதைப் பேசிவிடுங்கள், அவர் கேட்பது அளவீடா, கோளாறு தேடலா என்று. பல சண்டைகள் இங்கேயே முடிந்துவிடும்.

ஆட்களோடு பணிகளையும் சேர்த்துப் பாருங்கள். ஆய்வாளர் லிண்ட்கார்டும் அவருடைய சக ஆய்வாளரும் 2007-இல் ஒரே தளத்தைச் சோதித்த பல குழுக்களின் முடிவுகளை ஒப்பிட்டபோது, அதிகம் பேரை அழைத்த குழு அதிகம் சிக்கல்களைக் கண்டுபிடித்தது என்று ஆகவில்லை, அதிகமான பணிகளைக் கொடுத்த குழுக்கள்தான் அதிகம் கண்டுபிடித்தன. ரோல்ஃப் மோலிச் நடத்திய ஒப்பீட்டு ஆய்வு ஒன்றில் ஒன்பது குழுக்கள் தனித்தனியாக ஹாட்மெயில் என்ற மின்னஞ்சல் தளத்தை ஆராய்ந்து மொத்தம் 310 சிக்கல்களைச் சொன்னார்கள், அதில் நான்கில் மூன்று பங்கு ஒரே ஒரு குழு மட்டும் கண்டது. ஒரு சுற்று நடத்திவிட்டு "எல்லாம் பிடித்துவிட்டோம்" என்று நினைக்க இடமே இல்லை. அதனால் ஒரே பணியை எல்லோருக்கும் கொடுப்பதோடு, அவரவர் வகைக்கு ஏற்ற பணி ஒன்றையும் சேருங்கள்.

அடுத்தது வடிகட்டும் கேள்விகள், ஸ்கிரீனர் என்பார்கள். நிறைய நல்ல திட்டங்கள் இங்கேதான் கெட்டுப்போகின்றன. நீங்கள் யாரைத் தேடுகிறீர்கள் என்பது கேள்வியிலேயே தெரிந்துவிட்டால், சன்மானத்துக்காக அந்த ஆளாகவே மாறிவிடுகிறவர்கள் உண்டு. "ஆன்லைனில் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "கடந்த 6 மாதத்தில் இவற்றில் எதையெல்லாம் போனிலோ கம்ப்யூட்டரிலோ செய்தீர்கள்?" என்று கேட்டு, பயண டிக்கெட், பில் கட்டுவது, பாடம் படிப்பது, டாக்டரிடம் நேரம் வாங்குவது, இன்னும் நாலைந்து என்று கலந்து கொடுங்கள். எது உங்களுக்கு வேண்டியது என்று அவர்களால் ஊகிக்க முடியக் கூடாது. கடைசியில் ஒரு திறந்த கேள்வி வையுங்கள்: "கடைசியாக ஒரு டாக்டரைப் பார்க்க எப்படி நேரம் வாங்கினீர்கள், கொஞ்சம் சொல்லுங்கள்." உண்மையில் செய்தவர் விவரத்தோடு எழுதுவார். போன் செய்து ஐந்து நிமிடம் பேச முடிந்தால் இன்னும் நல்லது.

"கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியுமா?" என்ற கேள்வியால் பயன் இல்லை. நன்றாகத் தெரிந்தவர் தன்னைக் குறைத்துச் சொல்வார், பழக்கமில்லாதவர் கூச்சத்தில் தெரியும் என்பார். போன வாரம் போனில் என்னென்ன செய்தீர்கள், ஏதாவது சரியாக வராவிட்டால் என்ன செய்வீர்கள், யாரைக் கேட்பீர்கள் என்று கேளுங்கள். வெப் டிசைன், மார்க்கெட் ரிசர்ச், மருத்துவமனை நிர்வாகம் ஆகியவற்றில் வேலை பார்க்கிறவர்களையும், கடந்த 6 மாதத்துக்குள் இதுபோன்ற சோதனையில் உட்கார்ந்தவர்களையும் ஆரம்பக் கேள்விகளிலேயே விலக்கிவிடுங்கள், பாதி தூரம் பதில் சொன்ன பிறகு ஒருவரை நிராகரிப்பது மரியாதை இல்லை. நிபந்தனைகளை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொன்றும் கிடைக்கக்கூடிய ஆட்களைச் சுருக்கும், நாலைந்து சேர்ந்தால் அப்படி ஒரு மனிதரே இருக்க மாட்டார். இந்த நிபந்தனை இல்லாவிட்டால் முடிவு மாறுமா என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பாருங்கள், மாறாது என்றால் அடித்துவிடுங்கள்.

வாயாடிகளை மட்டும் எடுக்கிற ஆசை எல்லோருக்கும் வரும், ஏனென்றால் செய்துகொண்டே நினைப்பதைச் சொல்லும் முறையில் அவர்களிடமிருந்து நிறைய கிடைக்கும். நான்கு வார்த்தைகூடப் பேச மாட்டேன் என்கிறவரால் பயன் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தயங்கித் தயங்கிப் பேசுகிறவர்களை மொத்தமாக ஒதுக்கினால் தயங்கித் தயங்கிப் பயன்படுத்துகிறவர்களையும் ஒதுக்கிவிடுவீர்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்க வேண்டியது ஆட்களைத் தேடும் வழி. அந்த வழியே ஒரு வடிகட்டிதான், ஆனால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு ஆன்லைன் படிவம் போட்டு "சோதனைக்கு வர விரும்புவோர் நிரப்புங்கள்" என்றால், ஆன்லைன் படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் மட்டுமே வருவார்கள், அப்புறம் அவர்களை வைத்து உங்கள் ஆன்லைன் படிவம் எளிதா என்று சோதிப்பீர்கள். தளத்திலேயே ஒரு சின்ன அறிவிப்பு எழச்செய்து அழைத்தால், அந்த நேரத்தில் உண்மையாகவே அந்த வேலைக்கு வந்தவர்கள் கிடைப்பார்கள், அது பெரிய வரம். ஆனால் தளத்தைத் திறக்கவே பயந்து நேரே போன் செய்கிறவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து எடுத்தால் பழகியவர்களே வருவார்கள். சோதனைகளுக்கு ஆட்களைப் பதிந்து வைத்திருக்கும் ஆன்லைன் பேனல்களில் வாரத்துக்குப் பல சோதனைகள் செய்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு என்ன கேட்பார்கள், எங்கே பார்ப்பார்கள் என்று எல்லாம் தெரியும், தடுமாறுவதற்குப் பதில் விமர்சனம் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். குற்றமில்லாத வழி என்று எதுவும் கிடையாது, அதனால் இரண்டு மூன்று வழிகளைக் கலந்து பயன்படுத்துங்கள். உங்களைப் பொறுத்தவரை, ரிசப்ஷனில் போன் எடுக்கிறவர் ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் "இப்படி ஒரு சோதனை இருக்கிறது, உங்களைத் தொடர்பு கொள்ளலாமா?" என்று ஒரு வரி கேட்டாலே, வேறு எந்த வழியிலும் அகப்படாத ஆட்கள் கிடைத்துவிடுவார்கள்.

மாற்றுத்திறன் உள்ளவர்களை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் உலக மக்களில் சுமார் 16 சதவீதம், ஏறக்குறைய 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க குறைபாடு ஏதோ ஒன்றோடு வாழ்கிறார்கள். மருத்துவமனைத் தளத்துக்கு வருகிறவர்களிடையே அந்தப் பங்கு இன்னும் கூடுதலாகவே இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம். அழைக்கும்போது அவர்களுடைய உடல்நிலையைத் துருவ வேண்டாம், எந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டால் போதும்: திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர்களான ஜாஸ் அல்லது என்விடிஏ கம்ப்யூட்டரில், வாய்ஸ்ஓவர் அல்லது டாக்பேக் போனில், எழுத்தைப் பெரிதாக்கும் வசதி, விசைப்பலகை மட்டும் என்று. அவரவர் கருவியோடு, அவரவர் அமைப்புகளோடு வரட்டும், அல்லது அவர்கள் இடத்துக்கு நீங்கள் போங்கள். ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் ஒருவரை அழைத்துவிட்டு அந்தப் பக்கம் முடிந்தது என்று நினைக்காதீர்கள், ஒருவர் வேகமும் உத்தியும் இன்னொருவருக்கு இருக்காது. இன்னொன்று, அவர்களை அழைப்பதற்கு முன் அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி.-யின் அடிப்படைகளை நீங்களே சரிபார்த்து முடித்துவிடுங்கள். பட்டன்களுக்குப் பெயரே இல்லாத பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் தவிக்க விடுவது அவர் நேரத்துக்குச் செய்யும் அவமரியாதை.

சன்மானத்தைப் பற்றிச் சுருக்கமாக. கட்டாயம் கொடுங்கள், வந்து போகும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள், பணியை முடித்தாலும் முடிக்காவிட்டாலும் பாதியில் எழுந்து போனாலும் முழுதாகக் கொடுங்கள், அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். வருகிறேன் என்று சொன்னவர்களில் சிலர் வர மாட்டார்கள், முந்தைய நாள் ஒரு போன் பண்ணி நினைவுபடுத்துங்கள், 5 பேர் வேண்டுமென்றால் 6 பேருக்குச் சொல்லி வையுங்கள். ஒரு வேளை வந்த பிறகுதான் ஒருவர் பொருந்தாதவர் என்று தெரிந்தால், முகம் வாடும்படி அனுப்பிவிடாமல் சுருக்கமாக நடத்தி நன்றி சொல்லி அனுப்புங்கள், அந்த முடிவுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். ரெக்கார்டிங்குக்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதம்.

உங்கள் தளம் உடல்நலம் சார்ந்தது என்பதால் ஒரு இக்கட்டு உண்டு. உண்மையிலேயே டாக்டரைப் பார்க்க வேண்டிய தேவையோடு இருப்பவர்தான் மிகச் சிறந்த பங்கேற்பாளர், அவருடைய அக்கறை நடிப்பு இல்லை. ஆனால் அவருடைய நோயை ஒரு அறை நிறைய ஆட்கள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது சரியில்லை. நான் பரிந்துரைப்பது: ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது அனுபவத்தைப் பாருங்கள், சோதனையில் கற்பனை நோயாளி ஒருவரின் பெயர், வயது, அறிகுறியைக் கொடுங்கள். அறிகுறியை மக்கள் பேசும் பேச்சில் எழுதுங்கள், "நாலு நாளா முழங்கால் வீங்கியிருக்கு" என்பது போல. "எலும்பியல் பிரிவில் பதிவு செய்யவும்" என்று எழுதிவிட்டால், பார்க்க வந்த சிக்கலுக்கான விடையை நீங்களே கையில் கொடுத்துவிட்டீர்கள்.

கடைசியாக, முதல் ஆளுக்குப் போன் செய்வதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று. யாரை அழைக்கிறோம், ஏன் அழைக்கிறோம், யாரை இந்தச் சுற்றில் விடுகிறோம் என்று அரைப் பக்கம் எழுதி மேனேஜர், டிசைனர், டெவலப்பர் எல்லோரிடமும் ஒப்புதல் வாங்குங்கள். ஏனென்றால் முடிவு கசப்பாக வரும்போது முதலில் வரும் பேச்சு "அந்த அம்மா நம்ம யூசரே இல்லை" என்பதுதான். ஒருவர் திணறுவதைப் பார்ப்பது அதைக் கட்டியவருக்கு வலிக்கும், வலியில் அப்படித்தான் சொல்லத் தோன்றும். முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தாள் இருந்தால் பேச்சு அந்த அம்மாவை விட்டுவிட்டு அந்தப் படிவத்துக்குத் திரும்பும்.

உங்களுக்கு என் யோசனை இது. முதல் சுற்றில் தளத்தைப் பார்த்திராத 5 பேர், துறை அறிவு எதுவும் வேண்டாம், தளத்தை அவரவர் போனில் மட்டும் பயன்படுத்தட்டும். திருத்திவிட்டு இரண்டாவது சுற்றில் மற்றவருக்காகப் பதிவு செய்கிறவர்கள் 3 பேர், அடிக்கடி வரும் பழைய நோயாளிகள் 3 பேர், இவர்களில் இரண்டு பேராவது இதுவரை போன் செய்தே நேரம் வாங்கியவர்களாக இருக்கட்டும். மூன்றாவது சுற்றில் ஸ்கிரீன் ரீடர் அல்லது பெரிய எழுத்து பயன்படுத்துகிறவர்கள் 3 பேர், நேரத்தை மாற்ற, ரத்து செய்ய வேண்டியிருந்தவர்கள் 3 பேர். ரிசப்ஷன் ஊழியர்கள் இரண்டு பேரைத் தனியாக, அவர்கள் வேலை செய்யும் மேசையிலேயே, போன் அடித்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் புது ஆட்கள். முதல் சுற்றில் வந்தவரை மூன்றாவதில் கூப்பிட்டால் அவர் ஏற்கெனவே வழி தெரிந்தவர். மேனேஜர் கேட்கும் எண்ணிக்கை இந்த மூன்று சுற்றும் முடிந்து தளம் நிலைக்கு வந்த பிறகு, தேவைப்பட்டால், ஒரு அளவீட்டுச் சோதனையாக நடக்கட்டும்.